அன்னக்கிளிக்கு முன்னாடியும் ஒரு பாட்டு இருந்துச்சு

"பாடகர்னா எஸ்.பி.பி., யேசுதாஸ். ராஜா மியூசிக் போடுறவர். அவரு பாடகரே இல்ல மச்சான்."

2023 டிசம்பரில் ஹட்டன் டவுனில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வைத்து இந்த வசனம் விழுந்தது. கொழும்பில் ஜனவரி 27, 28 இரண்டு நாளும் இளையராஜா கச்சேரி என்று அறிவிப்பு வந்திருந்த நேரம். நாங்கள் ஐந்து பேர். புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை பார்ப்பவன், தோட்டப் பாடசாலையில் படிப்பிப்பவள், பேராதனையில் கடைசி வருஷம் படிப்பவள், ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற தம்பி, அப்புறம் வேலை தேடிக்கொண்டிருக்கிற நான். மேலே உள்ள வசனம் துணிக்கடைக்காரனுடையது. கேட்டுட்டு சும்மா இருக்க முடியுமா? கச்சேரிக்குப் போவதற்கு முன்னால் ராஜா தன் சொந்தக் குரலில் பாடியதை மட்டும் எடுத்து, வருஷ வரிசையில் கேட்டு முடிப்பது என்று பந்தயம் கட்டினோம்.

ஆயிரம் படங்களுக்கு மேல் இசையமைத்த மனிதர். எல்லாவற்றையும் கேட்கப் போனால் எங்களுக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிடும். அதனால்தான் குரல் மட்டும். ராத்திரி எட்டரைக்கு குரூப் கால். ஒவ்வொரு பாட்டுக்கும் பத்துக்கு மார்க். எங்கள் லயத்தில் சிக்னல் கிடைக்காது, கோயில் மேட்டுக்கு ஏறணும். பனி, அட்டை, கணக்கப்பிள்ளை வீட்டு நாய், மூன்றையும் சமாளித்துத்தான் நான் 1977-ஐக் கேட்டேன்.

முதல் வாரம் தோற்றுவிடுவேன் என்றே நினைத்தேன். ஏனென்றால் துணிக்கடைக்காரன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ராஜாவின் குரலில் எஸ்.பி.பி.யின் வழவழப்பு இல்லை, யேசுதாஸின் ஆழம் இல்லை. மேலே ஏறும்போது தொண்டை சிரமப்படுவது கேட்கிறது. '16 வயதினிலே'யில் வருகிற குரல் ஸ்டூடியோவுக்குள் நின்று பாடுகிற ஆளுடையது மாதிரியே இல்லை. எதிர் மலையில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. அவன் அஞ்சு மார்க் போட்டான். நான் ஏழு போட்டேன், அதில் இரண்டு பிடிவாதத்துக்கு.

ஆனால் வரிசையாகக் கேட்கும்போது வேறொன்று பிடிபட்டது. தன் குரலை அவர் எந்த இடத்துக்கு வைத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். 1982-ல் 'தாய் மூகாம்பிகை'யில் அம்மனைக் கூப்பிடுகிற பாட்டு. 1987-ல் 'நாயகன்' படத்தில் தாலாட்டா ஒப்பாரியா என்று பிரிக்க முடியாத அந்தப் பாட்டு. 1989-ல் 'கரகாட்டக்காரன்' தொடங்கும்போது, சபை முன்னால் நின்று பாட்டைப் பற்றியே பாடுகிற பாட்டு. 1995-ல் 'அவதாரம்', கூத்துக்காரர்களைப் பற்றிய படம். அதில் கண் தெரியாத பெண்ணுக்கு நிறங்களைச் சொல்லிக் கொடுக்கிற பாட்டை எஸ். ஜானகியோடு பாடுகிறார். 1999-ல் 'சேது', போகிற பாதை எதுவென்று தெரியாதவனின் பாட்டு. 2023-ல் 'விடுதலை'யில், எண்பதைத் தொடப்போகிற வயதில், ஒரு காதல் பாட்டு. பதினாறாவது நாள் டீச்சர்தான் சொன்னாள்: "இது பின்னணிக் குரல் இல்லடா. மேடைக் குரல். மைக் சரியா வேலை செய்யாத மேடையில பாடிப் பழகுன குரல்."

துணிக்கடைக்காரன் பதில் பேசவில்லை. அடுத்த நாள் தன் மார்க்கை எல்லாம் திருத்திப் போட்டான்.

சரி, அந்த மேடை எங்கே இருந்தது? இதுதான் இந்தக் கட்டுரைக்கான காரணம். பேராதனைக்காரிதான் கொண்டு வந்தாள். தேனிப் பக்கம் பண்ணைப்புரம் என்கிற ஊர், மேற்கு மலைத்தொடரின் அடிவாரம். ராஜாவின் மூத்த அண்ணன் பாவலர் வரதராஜன், கம்யூனிஸ்ட் கட்சியின் மேடைப் பாடகர். 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. 1957-ல் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. 1958-ல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல், கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். ஓட்டுப் போட வேண்டியவர்களில் பெரும்பகுதி தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். பாவலர் மலையேறிப் போய்ப் பாட்டுப் பாடி ஓட்டுக் கேட்டார். ரோசம்மா ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பங்கு உண்டு என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். தம்பி ராசய்யா அண்ணனின் குழுவில் சேர்ந்தது பதினாலு வயதில். அதன் பிறகு பத்து வருஷம் ஊர் ஊராக மேடை.

தேவிகுளம்னா மூணாறு. மூணாறுன்னா தேயிலை.

அங்கேயும் கங்காணிதான் ஆள் பிடித்துக்கொண்டு போனான். அங்கேயும் லயம்தான், துரை பங்களாதான், கொழுந்துக் கூடைதான். 'பரதேசி' படம் பார்த்துவிட்டு "நம்ம கத மாதிரியே இருக்கு" என்று அழுதோமே, அது அந்தப் பக்கத்து மலைகளின் கதை. 1964 ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டு, எங்கள் பெரியம்மா குடும்பம் ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடைசியில் நீலகிரியில் இன்னொரு தேயிலைத் தோட்டத்தில்தான் இறங்கியது. மலை மாறுச்சு, கூடை மாறல. அப்படிப்பட்ட ஒரு மலையில், எங்கள் ஆட்களைப் போன்ற ஆட்களின் முன்னால் பாடிப் பழகிய குழுவில் வளர்ந்த குரலைத்தான் நாங்கள் ஏதோ சென்னைச் சரக்கு என்று நினைத்துக்கொண்டு மார்க் போட்டோம்.

எனக்குக் கோபம் வந்தது. முதலில் என் மேல்தான்.

ராஜா ரசிகன் என்று சொல்லிக்கொள்கிற எவனைக் கேட்டாலும் கதை 1976-ல் தொடங்கும். 'அன்னக்கிளி' வந்தது, பஞ்சு அருணாசலம் வாய்ப்புக் கொடுத்தார், தமிழ்நாட்டின் இசையே மாறியது. அதற்கு முன்னால்? "கஷ்டப்பட்டாரு." ஒரே ஒரு சொல். பதினாலு வயதிலிருந்து தேர்தல் மேடை, மாநாட்டு மேடை, திருவிழா மேடை என்று பாடித் திரிந்த காலம் முழுக்க அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. ஏன்? அதற்கு ரெக்கார்டு இல்லை. இசைத்தட்டு நம்பர் இல்லை, யூடியூப் லிங்க் இல்லை. டிஸ்கோகிராபி என்று பெரிதாகப் பேர் வைத்திருக்கிறோமே, அது ஒருத்தர் பாடிய பாட்டுகளின் பட்டியல் இல்லை. காசு போட்டு யாரோ பதிவு செய்த பாட்டுகளின் பட்டியல். இரண்டையும் ஒன்றென்று நம்பிக்கொண்டிருக்கிறோம். பாவலரின் குரலைத் தேடி ஒரு ராத்திரி முழுக்க டேட்டாவைச் செலவழித்தோம். தம்பிமார் அவரைப் பற்றிப் பேசிய பேச்சுகள் கிடைத்தன. அவர் குரல் எங்கள் கையில் அகப்படவில்லை.

ஜனவரி 25 ராத்திரி நாங்கள் 2000-த்துக்கு வந்திருந்தோம். அன்றைக்குத்தான் கொழும்பில் ராஜாவின் மகள் பவதாரிணி இறந்துபோன செய்தி வந்தது. சிகிச்சைக்காக இங்கே வந்து தங்கியிருந்தவர். அப்பா கச்சேரிக்காக வந்திருந்த அதே ஊரில் மகளின் சாவு. கச்சேரி தள்ளிப்போனது. அன்றைக்கு யாரும் மார்க் போடவில்லை. 'பாரதி' படத்தில் பவதாரிணிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டை ஒரு தடவை போட்டுக் கேட்டோம். பிறகு காலை வைத்துவிட்டோம்.

இதற்கு அடுத்த நாட்களில்தான் உபதேசங்கள் வந்து குவிந்தன. எங்கள் பக்கத்து முற்போக்கு அண்ணன் ஒருவர், நல்ல மனுஷன், சம்பளப் போராட்டத்தில் முன்னால் நின்றவர், முகநூலில் எழுதினார். ஆயிரம் ரூபாய்க்காக வருஷக்கணக்கில் ரோட்டில் நின்ற சமூகம், கச்சேரி டிக்கெட்டுக்குக் காசைக் கொட்டுவதா என்று. அண்ணனுக்கு மரியாதையாகவே பதில் சொல்கிறேன். ஆயிரம் ரூபாய் 2021-ல் வர்த்தமானியில் வந்தது. 2024 தொடக்கத்திலும் அதேதான், அரிசி விலை மட்டும் அங்கே நிற்கவில்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர். இது எங்கள் வீட்டுக் கணக்கு, எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் சம்பளம் கூட வேண்டும் என்று ஏன் கேட்கிறோம்? அரிசிக்கும் மாவுக்கும் மட்டுமா? எங்கள் அம்மா ஒரு நாள், ஒரே ஒரு நாள், நல்ல சேலை கட்டிக்கொண்டு ஒரு கதிரையில் உட்கார்ந்து, தான் முப்பது வருஷம் கொழுந்து பறிக்கும்போது முணுமுணுத்த பாட்டைப் போட்டவரை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், அதுவும் சம்பளக் கோரிக்கைக்குள்தான் வரும். தோட்டக்காரன் என்றால் ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் போதும், மிச்சமெல்லாம் ஊதாரித்தனம் என்பது துரைமாரின் கணக்கு. அதை நம்ம ஆட்கள் வாயால் கேட்க வேண்டியதில்லை.

2024-ல் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்ததும் இதே கதைதான். பிப்ரவரி 9-ம் திகதி ஹரிஹரன் கச்சேரி. கூட்டம் தடுப்புகளை உடைத்துக்கொண்டு வந்தது, நிகழ்ச்சி கொஞ்ச நேரம் நின்றுபோனது. உடனே "தமிழனுக்கு ரசனை தெரியாது" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. தடுப்பை உடைத்தது தப்பு, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் காசு உள்ளவன் முன்னால், இல்லாதவன் பின்னால் என்று மைதானத்தைக் கயிறு கட்டிப் பிரித்தவனின் ரசனையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

இன்னொரு பக்கம் சுத்தக்காரர்கள். "சினிமாப் பாட்டு நம்ம பண்பாடா? நாட்டார் பாட்டைக் கேளுங்க." இவர்களிடம் எனக்கு ஒரு கேள்விதான். நீங்க கடைசியா எப்ப கேட்டீங்க? ஆய்வரங்கத்தில் கட்டுரை வாசிக்கும்போது இல்லை. ஒரு கிழவியின் வாயிலிருந்து, அடுப்படியில் உட்கார்ந்து, எப்ப? சினிமாப் பாட்டைத் திட்டுவது சுலபம். அந்தப் பாட்டுத்தான் எங்கள் லயத்துக்கு இலங்கை வானொலி வழியாக வந்தது. வேறு யாரும் எங்கள் காம்பராவுக்குள் வந்து எட்டிப் பார்க்காத காலத்தில் வந்தது.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சண்டை உண்மையில் இங்கேதான்.

மூணாற்றுக்குப் பாவலர் போனதற்கு இருபது வருஷம் முன்னாலேயே எங்கள் மலையில் ஒரு பெண் அதைச் செய்துகொண்டிருந்தார். மீனாட்சி அம்மாள். கோ. நடேசய்யரின் மனைவி. நடேசய்யர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, 'தேசநேசன்' பத்திரிகை நடத்தி, 1931-ல் தோட்டத் தொழிலாளருக்காக முதல் சங்கத்தைக் கட்டி, 1936-ல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனவர். தோட்டத்துக்குள் வெளியாள் காலை வைத்தால் அத்துமீறல் என்று பிடித்துக் கொடுத்த காலம் அது. அந்தக் காலத்தில் மீனாட்சி அம்மாள், சனங்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் தானே பாட்டுக் கட்டி, கூட்டத்தில் நின்று பாடினார். பேச்சைக் கேட்க வராதவர்கள் பாட்டைக் கேட்க நின்றார்கள். 1940-ல் அந்தப் பாட்டுகளை 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்று சிறு புத்தகமாகப் போட்டார்கள். வேலையிலிருந்தும் ஊரிலிருந்தும் இந்திய வம்சாவளியினரைத் துரத்தத் தொடங்கிய நேரத்தில், அதை எதிர்த்துப் பாடிய பாட்டுகள் அவை.

இன்றைக்கு ஹட்டன் டவுனில் நின்று பத்துப் பேரிடம் மீனாட்சி அம்மாள் யார் என்று கேளுங்கள். நான் கேட்டேன். ஒருத்தர் "கோயில் திருவிழாவா?" என்றார். சிரிக்காதீங்க, இரண்டு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் அதிகம் சொல்லியிருக்க மாட்டேன். ஏ.எல்.லுக்குத் தமிழ் எடுத்தவன் நான்.

அவருடைய பாட்டு நமக்கு எழுத்தாக இருக்கிறது, குரலாக இல்லை. சி.வி. வேலுப்பிள்ளை, மடக்கொம்புரைத் தோட்டத்தில் பிறந்தவர், 1947-ல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர், தோட்டம் தோட்டமாக அலைந்து தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நூலும் அப்படித்தான். அவர் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் வரிகள்கூட மிஞ்சியிருக்காது. அந்த மனுஷனுக்குக் கை எடுத்துக் கும்பிடலாம். ஆனால் அச்சில் வரி ஏறும், மெட்டு ஏறாது. எந்த இடத்தில் மூச்சு விட்டாள், எந்தச் சொல்லை இழுத்தாள், யாரைப் பார்த்துக் கிண்டலாகப் பாடினாள் என்பது ஏறாது. வேலுப்பிள்ளையிடம் போன் இல்லை. எங்கள் ஐந்து பேரிடமும் இருக்கிறது.

2023-ல் மலையகம் 200. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நம் சனங்கள் நடந்தார்கள், நடந்து வந்த முன்னோரை நினைத்து. அந்த நடைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் அதே வருஷம் எங்கள் பக்கத்து டவுனில் நடந்த ஒரு விழாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. பேர் வேண்டாம். மாலை ஆறு மணிக்குக் காமன் கூத்து மாஸ்டரையும் தப்புக்காரர்களையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். பிரமுகர்கள் வருகிறார்கள் என்றதும் அவர்களுக்கு முன்னால் அடித்துக்கொண்டு போகச் சொன்னார்கள். மாலை போட்டாயிற்று, குத்துவிளக்கு ஏற்றியாயிற்று. "நேரமின்மை காரணமாக" கூத்து பத்து நிமிஷத்தில் முடிந்தது. அதற்கப்புறம் மூன்று மணி நேரம் கொழும்பிலிருந்து வந்த பேண்டின் இன்னிசை, அதில் பாதி ராஜா பாட்டு. நானும் முன்வரிசையில் நின்று ஆடினேன், மறைக்கவில்லை. அன்றைக்கு அது தப்பாகவே தெரியவில்லை. கூத்து மாஸ்டர் எப்படி வீட்டுக்குப் போனார் என்று இப்பத்தான் யோசிக்கிறேன். எட்டு மணிக்கு மேல அந்தத் தோட்டத்துக்கு பஸ் கிடையாது.

தப்பைப் பற்றியும் ஒன்று சொல்லணும், பலருக்குக் கசக்கும். பிரட்டுக்கு ஆள் கூப்பிட்டது தப்பு. சாவுக்கு அடித்தது தப்பு. காமனுக்கும் திருவிழாவுக்கும் அடித்தது தப்பு. ஆனால் அடித்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக் கூப்பிடப்பட்டார்கள் என்று அந்தப் பிள்ளைகளைக் கேளுங்கள். லயத்தில் எல்லாரும் ஒரே பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் கிடந்தாலும், கல்யாணம் என்று வந்தால் எந்த லயம் என்று பார்க்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். எத்தனையோ பேர் தப்பை பரணில் போட்டுவிட்டு, மகனுக்குக் கீபோர்டு வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மேடையில் மட்டும் தப்பைத் தூக்கிப் பிடித்து "எங்கள் அடையாளம்" என்று போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களைச் சொல்கிறேன்.

கச்சேரி தள்ளிப்போன அந்த வார இறுதியில் எங்களிடம் லீவு இருந்தது, சேர்த்து வைத்த காசு இருந்தது, போக இடம் இல்லை. டீச்சர் சொன்னாள், "எங்க அம்மாயி பாடுவாங்க. நான் சின்னதுல கேட்டிருக்கேன். இப்ப பாடுவாங்களான்னு தெரியல." போனோம். மஸ்கெலியாவிலிருந்து உள்ளே, ஸ்டோரைத் தாண்டி, தொங்கல் லயம். அம்மாயிக்கு எண்பதுக்கு மேல். ராஜாவுக்கு இரண்டு மூன்று வயது மூப்பாக இருக்கலாம்.

போனை நீட்டியதும் முதலில் சிரித்தார்கள். "அதெல்லாம் பாட்டாடா? வேலையில வாய் சும்மா இருக்காம பாடுறது. பாட்டுன்னா ரேடியோவுல வர்றது." பிறகு ஒரு தாலாட்டுப் பாடினார்கள். அதில் கங்காணி வந்தான், கப்பல் வந்தது, பிள்ளையை மரத்தடியில் போட்டுவிட்டு மலைக்குப் போன கதை வந்தது. அடுத்து ஒரு கேலிப் பாட்டு, கிலோவைக் குறைத்து நிறுக்கிற ஒரு ஆளைப் பற்றி. ஆள் பேரைச் சொல்லியே பாடினார்கள், செத்து நாப்பது வருஷமாச்சாம். மூன்றாவது ஒப்பாரி. பாதியில் நிறுத்திவிட்டு, "வீட்டுல வச்சு இத பாடக் கூடாது, வெளிய வா" என்று எங்களை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் மிச்சத்தைப் பாடினார்கள். மொத்தம் ஏழு பாட்டு. எட்டாவதாக, நாங்கள் கேட்காமலே, 'அன்னக்கிளி'யில் ஜானகி பாடிய ஒரு பாட்டு. அவர்களுடைய தங்கச்சி இந்தியாவுக்குக் கோச்சி ஏறிய வருஷம் ரேடியோவில் வந்ததாம். பாட்டின் நடுவில் தங்கச்சி பேரைச் செருகிப் பாடினார்கள்.

துணிக்கடைக்காரன் திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டான், "இதுல எது நாட்டார் பாட்டு, எது சினிமாப் பாட்டு?" ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் குரலும் ராஜா குரல் மாதிரியே, எதிர் மலைக்குக் கேட்கிற குரல். அதைத்தான் அவன் டிசம்பரில் பாடகர் குரலே இல்லை என்றான்.

இதைப் படித்துவிட்டு "பல்கலைக்கழகம் செய்யட்டும், அமைச்சு செய்யட்டும், சங்கம் செய்யட்டும்" என்று சொல்பவர்கள் இருப்பீர்கள். செய்யட்டும், வேண்டாம் என்றா சொன்னேன்? ஆனால் அம்மாயியிடம் போக அமைச்சுக்கு எவ்வளவு நாள் எடுக்கும் என்று நினைக்கிறீர்கள்? சந்தா மட்டும் மாசாமாசம் சம்பளத்தில் தவறாமல் வெட்டுப்படுகிறது, அதற்கு யாரும் கமிட்டி போடவில்லை. இன்னும் சிலர் கேட்பீர்கள், ராஜாவை விட்டுவிடச் சொல்கிறாயா என்று. இல்லவே இல்லை. கச்சேரிக்குப் புதுத் திகதி வந்தால் நான் போவேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. பட்டியலில் இன்னும் இருபத்தி மூன்று வருஷம் மிச்சம் இருக்கிறது, அதையும் கேட்டு முடிப்போம். ஒருத்தரின் பாட்டை ஒன்று விடாமல் கேட்க ஐந்து பேரால் ஏழு வாரம் ராத்திரி உட்கார முடிகிறது என்றால், பக்கத்து லயத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போக முடியாது என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. அவ்வளவுதான் என் சண்டை.

போகிறவர்களுக்கு, நாங்கள் பட்ட அனுபவத்திலிருந்து. பாடுகிறவரின் சம்மதத்தை முதலில் கேளுங்கள், பதிவிலேயே அது இருக்கட்டும். பேர், தோட்டம், டிவிஷன், யாரிடமிருந்து பாட்டைக் கற்றார் என்பதைப் பாட்டுக்கு முன்னால் அவரையே சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் முதல் மூன்று பாட்டில் இதை மறந்துவிட்டோம். மழை நேரம் தகரத்துக்குக் கீழே பதியாதீங்க, ஒண்ணும் கேட்காது. டிக்டாக்கில் பதினைந்து செகண்ட் வெட்டிப் போடுவதற்கு முன்னால் முழுசா ஒரு காப்பி எடுத்து வையுங்கள். வெறுங்கையோடு போகாதீங்க. வெத்திலை, சீனி, பிஸ்கட், ஏதாவது.

மாசி பிறந்துவிட்டது. காமன் நடுகிற தோட்டம் எதுவென்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். அந்த மாஸ்டர், விழாவில் பத்து நிமிஷம் ஆடியவர், இந்த வருஷம் ராத்திரி முழுக்க ஆடப்போவதாகச் சொல்லியிருக்கிறார். போனில் இடம் காலி பண்ணிக்கொண்டு, சுவெட்டர் போட்டுக்கொண்டு வாங்க. திரும்பிப் போக ஒரு வேன் பேசி வைத்திருக்கிறோம், மாஸ்டரையும் அதில்தான் கொண்டுபோய் விடுவோம்.